தழும்பா, கட்டியா? சிகிச்சைக்குப் பிந்தைய மலக்குடல் எம்.ஆர்.ஐ.யைப் படிக்கும் முறை

கதிர்வீச்சும் கீமோவும் முடித்துவிட்டு வரும் மலக்குடல் புற்றுநோயாளியின் புதிய எம்.ஆர்.ஐ. படத்தை நான் உடனே திறப்பதில்லை. சிகிச்சைக்கு முன் எடுத்த பழைய படம் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். "ரிப்போர்ட் இருக்கிறது டாக்டர், பிலிமும் இருக்கிறது" என்று பையைத் துழாவுவார்கள். எனக்கு வேண்டியது சிடி. பிலிமில் யாரோ தேர்ந்தெடுத்து அச்சிட்ட சில படங்கள் இருக்கும். நான் தேடும் படம் பெரும்பாலும் அவற்றில் இருக்காது. சிடி வரும்வரை ரிப்போர்ட்டை ஒரு நாள் நிறுத்திவைத்து, அதற்காக வசவும் வாங்கியிருக்கிறேன். பரவாயில்லை.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. சிகிச்சை நன்றாகப் பலித்தவரின் புதிய படத்தில் மலக்குடல் சுவரில் கருமையான ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். கட்டி எந்த உயரத்தில், எந்தப் பக்கச் சுவரில் இருந்தது என்று தெரியாமல் பார்த்தால் அந்தக் கோடு கண்ணிலேயே படாது. அல்லது கட்டியே இருந்திராத இடத்தில் எதையோ பார்த்துப் பயந்துவிடுவோம். நான் அப்படிப் பயந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

ரேடியாலஜி படித்து முடித்து இந்தப் படங்களைத் தனியாகப் பார்க்கத் தொடங்கியிருக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டாரும் படிக்கலாம். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முதல் ஸ்கேனின் சிடியைப் பத்திரப்படுத்துங்கள்.

எப்போது எடுப்பது

கதிர்வீச்சு முடிந்த மறுநாளே கட்டி கரைந்துவிடாது. வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். 25 முதல் 28 தவணைகளில் 45 முதல் 50.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கொடுக்கும் நீண்ட சிகிச்சையானால், முடிந்து 8 முதல் 12 வாரங்களுக்குள் படம் எடுப்பது நல்லது. அவசரப்பட்டு நான்காவது வாரத்தில் எடுத்தால் பாதி வேலை நடந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதாகிவிடும். ஐந்தே நாளில் 25 கிரே கொடுத்து, பின்னர் மாதக்கணக்கில் கீமோ தொடரும் முறையில், எல்லாம் முடிந்த பிறகு எடுக்கும் படமே முடிவுக்குரியது. நடுவில் எடுப்பது நோய் பெருகவில்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான்.

படம் சரியாக வர

நாம் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கோணம் தவறிய படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மலக்குடல் நேரான குழாய் அல்ல. முதுகுத்தண்டின் அடிப்பகுதி வளைவை ஒட்டி வளைந்து இறங்கி, ஆசனவாயை நெருங்கும்போது சட்டென்று திரும்பும். கட்டி இருந்த இடத்தில் குடல் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அதற்குச் செங்குத்தாகக் குறுக்குவெட்டுப் படம் எடுக்க வேண்டும். மூங்கிலைச் சாய்த்து வெட்டினால் அதன் சுவர் தடித்துத் தெரியுமே, அதே கதைதான் இங்கும். சாய்வாக எடுத்த படத்தில் நல்ல சுவரும் தடித்துத் தெரியும், தழும்பு கட்டியாகத் தெரியும்.

சிகிச்சைக்கு முன் இது எளிது. கட்டி கண்ணுக்கு எதிரே இருக்கும், கோட்டை அதற்குக் குறுக்கே போட்டுவிடலாம். சிகிச்சைக்குப் பிறகு கட்டியையே காணோம் என்றால் கோட்டை எங்கே போடுவது? எங்கள் ரேடியோகிராபரிடம் நான் இதற்காகவே பழைய பக்கவாட்டுப் படத்தை அனுப்பிவிடுவேன். அதைத் திரையில் திறந்துவைத்து, அதே உயரத்தில், அதே சாய்வில் கோட்டைப் போடுவார். முதல் முறை சொன்னபோது முணுமுணுத்தார். இப்போது படம் வராவிட்டால் அவரே போன் செய்கிறார்.

நீரை வெண்மையாகவும் தழும்பைக் கருமையாகவும் காட்டும் டி2 படத்தின் ஒவ்வொரு வெட்டும் 3 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். கூடவே, திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்று காட்டும் டிஃப்யூஷன் படமும் வேண்டும். அதில் பி மதிப்பு, அதாவது நீரின் அசைவை எவ்வளவு கூர்மையாகப் பிடிக்கிறது என்னும் அளவு, குறைந்தது 800. வயிற்று ரேடியாலஜிக்கான ஐரோப்பியச் சங்கத்தின் வல்லுநர்கள் 2016இல் கூடி எடுத்த முடிவுகளும் இவைதான். கான்ட்ராஸ்ட் ஊசி வழக்கமாகத் தேவையில்லை. ஸ்கேனுக்குக் கால் மணி நேரம் முன் சிறிய எனிமா ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். இதைப் பலர் வீண்வேலை என்று நினைக்கிறார்கள். குடலில் நிற்கும் காற்று டிஃப்யூஷன் படத்தை என்ன பாடு படுத்தும் என்று பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

பழைய படத்திலிருந்து ஒரு வரைபடம்

ஒரு துண்டுக் காகிதத்தில் வட்டம் ஒன்று வரைந்துகொள்கிறேன். அது மலக்குடலின் குறுக்குவெட்டு. கடிகார முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி வயிற்றுப் பக்கம், 6 மணி முதுகுப் பக்கம், 3 மணி நோயாளியின் இடப்பக்கம். பழைய கட்டி எந்த மணியிலிருந்து எந்த மணிவரை சுவரைப் பற்றியிருந்ததோ அந்தப் பகுதியைப் பென்சிலால் நிழலடிப்பேன். பக்கத்தில் ஆசனவாயிலிருந்து அதன் உயரம், அதன் நீளம். கட்டி மியூசின் என்னும் கோழையைச் சுரக்கும் வகையா என்ற குறிப்பு. மலக்குடலைச் சுற்றிய கொழுப்பை மூடியிருக்கும் உறைக்குக் கட்டி எவ்வளவு அருகில் வந்திருந்தது, சுவருக்கு வெளியே ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருந்ததா, சந்தேகத்துக்குரிய நிணநீர்க் கணுக்கள் எங்கெங்கே என்பதையும் எழுதிக்கொள்வேன். கணினியில் இதற்கெல்லாம் படிவம் இருக்கிறது. எனக்குக் காகிதத்தில்தான் மனம் ஓடும்.

இந்தக் காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே புதிய படத்தைத் திறக்கிறேன். நிழலடித்த இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும்.

டி2 படம்: சாம்பல், கருமை, வெண்மை

உயிருள்ள கட்டி டி2 படத்தில் சாம்பல் நிறமாக, தசையைவிடச் சற்று வெளிறித் தெரியும். சிகிச்சையில் செத்த கட்டி தழும்பாக மாறிய இடம் கருமையாக இருக்கும், தசையைப் போல அல்லது அதைவிடக் கருப்பாக. வெண்மையாகத் தெரிவது வீக்கத்தின் நீராகவோ மியூசின் என்னும் கோழையாகவோ இருக்கும். படிப்பது முழுவதும் இந்த மூன்றையும் பிரித்தறிவதுதான்.

மலக்குடல் புற்றுநோயை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்த மெர்குரி ஆய்வுக் குழுவினர் இதை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய கருங்கோடு மட்டும் இருந்தால் முதல் படி. அடர்ந்த கருந்தழும்பு இருக்கிறது, சாம்பல் எதுவும் தெரியவில்லை என்றால் இரண்டாவது. பாதிக்கு மேல் தழும்போ மியூசினோ, ஆனால் சாம்பலும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மூன்றாவது. பெரும்பாலும் சாம்பல், அங்கங்கே கொஞ்சம் கருமை என்றால் நான்காவது. கட்டி பழையபடியே இருந்தால் ஐந்தாவது.

ஒன்றையும் ஐந்தையும் சொல்ல அனுபவம் வேண்டாம். சண்டை எல்லாம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான். தடித்த தழும்புக்குள் ஓரிடத்தில் நிறம் கொஞ்சம் வெளிறினால் அது சாம்பலா, வெறும் தெளிவின்மையா? அருகருகே அமர்ந்து பார்க்கும் இருவர் வெவ்வேறு எண்ணைச் சொல்வதை அடிக்கடி கண்டிருக்கிறேன். அதனால் எண்ணை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். "4 மணியிலிருந்து 5 மணி வரை 6 மி.மீ. தடிமனுள்ள கருந்தழும்பு, அதன் உள்விளிம்பில் 3 மி.மீ. அளவில் வெளிறிய பகுதி" என்று கண்டதை எழுதினால், படிக்கும் சர்ஜனுக்கு எண்ணைவிட அது உதவும்.

தழும்பு முற்றிலும் கருமையாக இருந்தாலும் அதற்குள் புற்றுச் செல்கள் நீறு பூத்த நெருப்பாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ. செல்களைக் காட்டும் கருவி அல்ல. தழும்பு தடித்திருப்பதாலேயே நோய் மிஞ்சியிருக்கிறது என்றும் ஆகாது.

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் வீக்கம். கதிர்வீச்சு பட்ட சுவரின் உள்ளடுக்கு நீர்கோத்து உப்பி, குறுக்குவெட்டில் வெள்ளை வளையமாகத் தெரியும். சுவர் தடித்திருக்கிறதே என்று பதறுவார்கள். தடிமனைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். நிழலடித்த பகுதியைத் தாண்டி நல்ல சுவரிலும் அந்த வெண்மை சீராகச் சுற்றிப் போகிறதென்றால் அது வீக்கம்தான்.

மியூசினில் அப்படி எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முன்பு சாம்பலாக இருந்த கட்டி இப்போது வெண்ணிறக் குட்டையாக மாறியிருந்தால் அது பெரும்பாலும் சிகிச்சை பலித்ததன் அடையாளமே. ஆனால் அந்தக் குட்டைக்குள் செல்கள் மிதக்கின்றனவா, வெறும் கோழைதானா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தொடக்கத்திலிருந்தே மியூசின் வகையான கட்டியில் டிஃப்யூஷனும் கை கொடுக்காது. இப்படிப்பட்டவருக்கு "முழுமையாகப் பலித்தது" என்று நான் ஒருபோதும் எழுதியதில்லை.

டிஃப்யூஷன் படமும் நான் பயந்த கதையும்

செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் இடத்தில் நீர் தாராளமாக அசைய முடியாது. அந்த இடம் டிஃப்யூஷன் படத்தில் வெளிச்சமாகவும், நீரின் அசைவை அளந்து காட்டும், கூடவே வரும் ஏ.டி.சி. வரைபடத்தில் இருட்டாகவும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சந்தேகம். இரண்டிலும் வெளிச்சம் என்றால் அது குடலுக்குள் தேங்கிய நீராக இருக்கும். இரண்டிலும் இருட்டு என்றால் தழும்பு. அதன் கருமையே ஏ.டி.சி.யையும் கருப்பாக்கிவிடுகிறது. ஏ.டி.சி.யை மட்டும் பார்த்து "இருட்டாக இருக்கிறதே" என்று கட்டி மிஞ்சியதாக எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஏ.டி.சி. எண்ணை அளந்து எழுதும் வழக்கமும் எனக்குக் கிடையாது. இயந்திரத்துக்கு இயந்திரம் அது மாறும்.

இனிக் கதை. நான் இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கிய புதிதில் ஒருவருடைய ஸ்கேன் வந்தது. 28 தவணை கதிர்வீச்சு முடிந்திருந்தது. பழைய சிடி இல்லை, நானும் கேட்கவில்லை. டிஃப்யூஷனில் 11 மணியில் பளிச்சென்று ஒரு வெளிச்சம், பிறை வடிவில். ஏ.டி.சி.யிலும் அந்த இடம் கலங்கி இருட்டாகத் தெரிந்தது. கட்டி மிஞ்சியிருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை சர்ஜன் போன் செய்தார்.

"11 மணியில் ஒன்றுமே இல்லை. 4 மணியில் வெள்ளைத் தழும்பு, வழவழவென்று இருக்கிறது. விரலுக்கும் எதுவும் தட்டவில்லை. நீங்கள் யாருடைய படத்தைப் பார்த்தீர்கள்?"

போனை வைத்துவிட்டுப் படத்தை மறுபடி திறந்தேன். டி2 படத்தில் அதே 11 மணியில் கன்னங்கரேலென்று ஒரு காற்றுக் குமிழி. மல்லாந்து படுத்திருப்பவரின் குடலில் காற்று மேலே, அதாவது வயிற்றுப் பக்கம்தான் ஏறி நிற்கும். காற்றும் சுவரும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் கலைந்து அப்படியொரு பொய்வெளிச்சம் விழுந்திருக்கிறது. பழைய சிடியை வரவழைத்துப் பார்த்தேன். கட்டி 2 மணியிலிருந்து 6 மணி வரை இருந்திருக்கிறது. 11 மணிப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எனிமா கொடுத்து மறுபடி எடுத்தபோது அந்த வெளிச்சம் இருந்த சுவடே இல்லை. காகிதத்தில் வட்டம் வரையும் பழக்கம் அன்று மாலை தொடங்கியது.

அன்றிலிருந்து டிஃப்யூஷனில் எந்த வெளிச்சத்தைக் கண்டாலும் அதே இடத்தை டி2 படத்தில் பார்க்காமல் நகர்வதில்லை. அங்கே காற்று இருக்கிறதா? குடல் சுருங்கி, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நட்சத்திர வடிவில் ஒளிர்கிறதா? அவை கட்டி அல்ல. மாறாக, பழைய கட்டியின் இடத்திலேயே, கருந்தழும்பின் உள்விளிம்பை ஒட்டிச் சின்னதாக ஒரு வெளிச்சம் இருந்தால், 3 மில்லிமீட்டர்தானே என்று விடாதீர்கள்.

கணுக்கள், ரத்தக்குழாய், உறை

கணுக்களைப் பொறுத்தவரை சிகிச்சைக்குப் பிறகு கணக்கு எளிதாகிவிடுகிறது. முதல் படத்தில் வடிவம், விளிம்பு, உள்நிறம் என்று எல்லாம் பார்த்தோம். இப்போது மலக்குடலைச் சுற்றிய மெசோரெக்டல் கொழுப்புக்குள் இருக்கும் கணுவின் குறுகிய அச்சு, அதாவது அதன் அகலம், 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகம், குறைந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம். இடுப்பெலும்புச் சுவரை ஒட்டிய பக்கவாட்டுக் கணுக்களைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். வழக்கமான அறுவை சிகிச்சையில் சர்ஜனின் கை அங்கே போவதில்லை. கட்டி நுழைந்திருந்த ரத்தக்குழாய் கருங்கயிறாகச் சுருங்கியிருக்கிறதா, இன்னும் சாம்பலாக உப்பியிருக்கிறதா என்று எழுதுங்கள். உறைக்கும் மிஞ்சிய கட்டிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டராவது இருக்கிறதா என்பதையும். அங்கே தழும்பின் இழைகள் மட்டும் உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். சர்ஜன் எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்வது இந்த ஒரு வரியை வைத்துத்தான்.

படத்தால் மட்டும் முடியாது

கட்டி முழுவதும் மறைந்துவிட்டது என்று தோன்றினால், அந்த முடிவை எம்.ஆர்.ஐ. தனியாகச் சொல்லக் கூடாது. சர்ஜனின் விரலும் என்டோஸ்கோப்பியும் அதையே சொல்ல வேண்டும். விரலுக்கு வழவழப்பு, கண்ணுக்கு வெள்ளையான தட்டைத் தழும்பு, புண்ணோ முடிச்சோ இல்லை, டி2 படத்தில் கருமை, டிஃப்யூஷனில் வெளிச்சம் இல்லை. 2015இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வொன்றில், இவை எல்லாம் ஒத்துப்போனவர்களில் 98 சதவீதம் பேருக்கு உண்மையிலேயே கட்டி மறைந்திருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: கட்டி மிஞ்சியிருக்கிறது என்று எல்லாப் பரிசோதனைகளும் ஒரே குரலில் சொன்னவர்களிலும் 15 சதவீதம் பேருக்குக் கட்டி இல்லை. இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டாவது எண்ணைத்தான். தழும்பைச் சுரண்டி எடுக்கும் பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அதை நம்பி உட்காரக் கூடாது. மிஞ்சும் செல்கள் பெரும்பாலும் உள்பரப்பில் இல்லை, சுவரின் ஆழத்தில் கிடக்கின்றன.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், முழுமையாகப் பலித்தவர்களுக்கு அறுவை சிகிச்சையையே தள்ளிவைத்துக் கண்காணிக்கும் வழி இப்போது இருப்பதுதான். பிரேசிலைச் சேர்ந்த சர்ஜன் ஏஞ்சலிட்டா ஹபர்-காமா 2004இல் வெளியிட்ட கட்டுரையில், சிகிச்சை பெற்ற 265 பேரில் 71 பேரை அறுக்காமல் கண்காணித்ததைச் சொன்னார். அப்போது பலர் ஏற்கவில்லை. இன்று அது பல நாடுகளில் வழக்கம். நிரந்தரமாக வயிற்றில் பை கட்டிக்கொள்ளத் தேவையில்லை என்பது தாழ்வான கட்டியுள்ள ஒருவருக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கண்காணிப்பு என்றால் கண்காணிப்புதான். முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனையும் என்டோஸ்கோப்பியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எம்.ஆர்.ஐ.யும். அறுக்காமல் மலக்குடலைக் காப்பது பற்றி அமெரிக்காவில் நடந்த ஓப்ரா ஆய்வில், மறுபடி வளர்ந்த கட்டிகளில் 94 சதவீதம் முதல் இரண்டு ஆண்டுகளிலும், 99 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்குள்ளும் தலைகாட்டின. அதனால் இரண்டாம் ஆண்டில் "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று ஸ்கேனைத் தவறவிடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இந்தத் தொடர் படங்களில் ஒரு பொறி இருக்கிறது. நாம் எல்லாரும் புதிய படத்தைச் சென்ற படத்தோடு ஒப்பிட்டுப் பழகிவிட்டோம். ஒருவருடைய தழும்பு முதலில் 3 மி.மீ. இருந்தது. அடுத்த முறை 4. "மாற்றமில்லை" என்று எழுதினேன், ஒரு மில்லிமீட்டர் அளவில் யார் கை தவறாது? அதற்கடுத்த முறை 5, மறுபடியும் மாற்றமில்லை. நான்காவது முறை தற்செயலாகத் தொடரின் முதல் படத்தைப் பக்கத்தில் திறந்தபோதுதான் 3 மி.மீ. கோடு 6 மி.மீ. மேடாகியிருப்பது தெரிந்தது, உள்விளிம்பில் சாம்பலோடு. அறுவை சிகிச்சையில் கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் முன்பே நான் சொல்லியிருக்கலாம். இப்போது எப்போதும் மூன்று படங்களைத் திறக்கிறேன்: இன்றையது, சென்றது, சிகிச்சை முடிந்ததும் எடுத்த முதலாவது. சிகிச்சைக்கு முந்தையதன் இடத்தில் அந்தத் துண்டுக் காகிதம்.

ரிப்போர்ட்டில் தெளிவில்லாத இடத்தைத் தெளிவில்லை என்றே எழுதுங்கள். "முழுமையாகப் பலித்ததற்கு நெருக்கம், 4 மணியில் சந்தேகம், 8 வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்" என்று எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை. "நோய் இருப்பதை மறுப்பதற்கில்லை" போன்ற வழவழாச் சொற்றொடரைவிட அது எவ்வளவோ நேர்மையானது. தழும்பின் உயரம், மணி, தடிமன் மூன்றையும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் எழுதுங்கள். அதை அளந்த படத்தின் தொடர் எண்ணையும் பட எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். அடுத்த முறை அந்தப் படத்தைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.